ஒரு செட் காடை

எங்கள் லயத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்ததற்குக் காரணம் ஒரு சேவல் காடை. இதைச் சொன்னால் இப்போது ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். அதனால் முத்துவீரன் அண்ணனைப் பற்றி எழுதும்போது, சிரிப்பு வருகிற இடத்தை மறைக்காமலே எழுதுகிறேன். மறைத்தால் நான் நல்லவள் போலத் தெரிவேன்.

அவர் பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். பதினெட்டு வயதில் ஸ்டோருக்குள் போனார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாடிய கொழுந்தை அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் நின்றார். அது சுற்றும்போது கத்தாமல் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. ஸ்டோர்காரர்கள் எல்லோருமே வீட்டிலும் சத்தமாகப் பேசுகிறவர்கள்தான். ஆனால் முத்துவீரன் அண்ணன் அதில் தனி ரகம். கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் அவர் ரகசியம் சொன்னால் பூசாரி மணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். வாய்க்கு வந்தது ஊருக்கே கேட்டுவிடும்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பெயர் கிருஷ்ணகுமாரி என்றாலும் டீச்சர் என்றால்தான் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் அவருடையது ஐந்தாம் காம்பரா, என்னுடையது நான்கு. காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாம் ஒரே வெளி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்மல் வரும். அவரும் அவர் மனைவி ஜீவராணி அக்காவும் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். லயத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை.

2008 தை மாதம் அவர்களுடைய ஒரே மகள் கலியாணம் முடித்துக் கஹவத்தைப் பக்கம் போனாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து முத்துவீரன் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

“வீட்ல ஒரு சத்தமும் இல்ல டீச்சர். சும்மா இருந்தா காதுக்குள்ள ஙொய்யின்னு கேக்குது. ஏதாச்சும் வளக்கணும்.”

பலாங்கொடையில் கோழித்தீன் கடை வைத்திருந்த அப்துல் ரஸாக் நானாவிடம் போனார். அவர்தான் காடையைக் காட்டினார். “சேவல் ஒண்டு, பொட்ட மூணு. இதான் ஒரு செட்டு. செட்டாத்தான் குடுப்பன், பிரிச்சுக் குடுத்தா சண்ட புடிக்கும்” என்றாராம். அன்றிலிருந்து முத்துவீரன் அண்ணனுக்கு அது காடை இல்லை, செட்டு. “செட்டுக்குத் தண்ணி வச்சியா?” “செட்டு இன்னைக்கு முட்ட போட்டுச்சா?” என்று ஸ்டோரிலிருந்து திரும்பும்போதே தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு வருவார். பத்து நாளில் லயம் முழுக்க அப்படியே சொல்லப் பழகிவிட்டது. நானும் பழகிவிட்டேன்.

வெளியே வைத்தால் கீரி விடாது. அதனால் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை முன் காம்பராவில் வைத்து அதற்குள் வளர்த்தார். பலகைப் பெட்டி, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியது, முன்பக்கம் கம்பிவலை. முதல் மூன்று வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு சேவல் குரல் எடுத்தது.

கோழிச் சேவல் கூவினால் அதில் ஒரு அழகு உண்டு. இதில் ஒன்றும் இல்லை. தொண்டை கட்டியவன் காறுவது போல இரண்டு தரம், அதன் பிறகு நீளமாக ஒரு கர்ர்ர். ரேடியோவில் ஸ்டேஷன் தேடும்போது நடுவில் இரையுமே, அசல் அந்தச் சத்தம். விடியுமுன் நாலரைக்கு ஆரம்பித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புமேளச் சத்தம் வரும்வரை விடாது. என் பொறுமையைப் பற்றி நான் என்றைக்குமே பெருமைப்பட்டதில்லை. நாலாம் நாள் அவர் வாசலுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

“அண்ணே, இந்த லயத்துல ஒன்னு அது இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்.”

“என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? நான் அதட்டி வைக்கிறேன்” என்றார்.

அதட்டினார். பெட்டியைத் தட்டி “வாய மூடு” என்று ஸ்டோர்க் குரலில் கத்தினார். காடைக்கு அது பக்கத்தில் இன்னொரு சேவல் சவால் விடுவது போல இருந்திருக்க வேண்டும். அவர் ஒன்று கத்தினால் அது இரண்டு கத்தியது. இருவருக்கும் போட்டி நடந்தது. ஜீவராணி அக்கா அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இனி இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். எங்களுக்கு எதையும் பாடமாக்கிவிட வேண்டும், அதுதான் வாத்தியார் குணம். மிருக வைத்தியர் அலுவலகத்தில் சிங்களத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. அதை வாங்கி வந்து வரி வரியாகப் படித்தேன். பெட்டிக்கு எதிரே ஜீவராணி அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. அதில் தன்னையே பார்த்து எதிரி என்று நினைத்துத்தான் பாதிக் கூச்சல். முதலில் அதை எடுத்தேன். திடுக்கிட்டு எகிறித் தலையில் அடிபட்டுக் கத்துகிறது என்று மூடிக்கு உள்பக்கம் பழைய மெத்தைப் பஞ்சு தைத்தோம். யாரும் பெட்டியைத் தட்டக்கூடாது, பக்கத்தில் நின்று கத்தக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அந்த உத்தரவு முழுக்க முழுக்க ஒரே ஆளுக்குத்தான்.

பெரிய மருந்து வெளிச்சம்தான். பகல் நீண்டால் இது குஞ்சு பொரிக்கும் காலம் என்று சேவல் நினைத்துக் கூவுமாம். பகலைக் குறைத்தால் குரலும் குறையும். பெட்டியைத் தடித்த கம்பளியால் சுற்றி மூடினோம். உள்ளே ஒரு சின்ன பல்பு, அதற்கு ஒரு வயர். காலை எட்டுக்குப் போடவேண்டும், மாலை நாலுக்கு அணைக்கவேண்டும். அவர் மறந்துவிடுவார் என்று சாக்கட்டியால் சுவரில் நானே எழுதி வைத்தேன்: ‘செட். 8 – 4. அதற்குப் பிறகு மூடவும்.’

மூன்று வாரத்தில் சேவல் வாயை மூடிக்கொண்டது. பொட்டைகளும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் “டீச்சர் நிம்மதியா தூங்கணும்ல” என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் சொன்னது மலை முழுக்கக் கேட்டது.

அந்த வருடம் நல்ல வருடம் இல்லை. வடக்கில் சண்டை மும்முரமாக இருந்தது. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கிடமான எதைக் கண்டாலும் அறிவியுங்கள் என்று பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள். பலாங்கொடைக்குப் போனால் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்போம். தமிழில் பேசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். நம்முடைய பேச்சு மட்டுமில்லை, மற்றவர்களுடைய பேச்சும்.

தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் ரஞ்சித் என்று ஒரு ஹோம்காட் இருந்தான். ஊர்க்காவலுக்கென்று அரசாங்கம் துப்பாக்கி கொடுத்து எடுத்த பொடியன்களில் ஒருவன். கெட்டவன் இல்லை. முன்பு எங்கள் ஸ்டோரில் கைகாசுக்கு வேலை செய்தவன். காவல் முடிந்து விடியற்காலையில் எங்கள் லயத்துக்குக் கீழ்ப் பாதையால்தான் வீட்டுக்குப் போவான். சேவல் கூவிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை, பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தான். உங்கள் லயத்தில் விடியமுன் ஒரு சத்தம் கேட்கிறதே, ரேடியோ மாதிரி, யாருடையது டீச்சர் என்று சிங்களத்தில் கேட்டான்.

எனக்குத் தூக்கமில்லாத கோபம். சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னேன்: “அது முத்துவீரனோட செட்.”

சிங்களத்தில் காடைக்கு வட்டுவா என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். துண்டுப் பிரசுரத்தில் அந்தச் சொல்லைத்தான் அத்தனை தரம் படித்தேன். ஆனால் எங்கள் லயத்துக்குள் புழங்கிய சொல்லே என் வாயில் வந்தது. அந்த நாட்களில் சிங்கள ரேடியோவிலும் செட் என்ற சொல் அடிக்கடி வரும். யாராவது பிடிபட்டால் அவரிடமிருந்து இன்னின்ன எடுக்கப்பட்டன என்று வாசிப்பார்கள். அதில் வயர்லஸ் செட்டும் இருக்கும். ரஞ்சித் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிவிட உதவி செய்துவிட்டுப் போனான்.

அவன் கேட்டுச் சில வாரங்களில் சத்தம் நின்றுபோனது. அவனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பலாங்கொடையிலிருந்து வரும் பஸ்ஸில் நானும் இருந்தேன், முத்துவீரன் அண்ணனும் இருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் அப்துல் ரஸாக் நானாவுடன் பேசினார். ரோலருக்குப் பக்கத்தில் நிற்பது போலத்தான் பேசினார்.

“செட்டு வீட்டுக்குள்ளதான் இருக்கு நானா. கம்பளி போட்டு மூடிட்டேன். இப்ப சத்தம் வெளிய போகாது. ஒருத்தருக்கும் தெரியாது. இல்லீங்க, இன்னொரு செட்டு வேணாம். ஒன்ன மறைச்சு வைக்கிறதே பெரும்பாடா இருக்கு.”

பஸ் அமைதியாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு எந்த இடத்தில் தமிழ் பேசுவது என்று தெரியவில்லையே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முன் மிதிபலகையில் ரஞ்சித் நின்றுகொண்டிருந்தான். எங்கள் ஆட்களோடு வேலை செய்தவன், தமிழ் ஓரளவு புரியும். இறங்கும்போது அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் ஞாயிறு, காலை பத்து மணி. பொலிஸ் ஜீப் ஒன்றும் ஆமி ட்ரக் ஒன்றும் வந்து லயத்தடியில் நின்றன. வழக்கமான சோதனை என்றால் முதலாம் காம்பராவில் தொடங்குவார்கள். இவர்கள் நேரே ஐந்துக்குப் போனார்கள். என் தம்பி கஜேந்திரன் அப்போது என் பின் காம்பராவில் இருந்தான். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு, புதியது வரும்வரை என்னோடு இருந்தான். அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் அந்த நாட்களில் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கதவடியில் நின்றேன், அவனை மறைத்துக்கொண்டு.

சார்ஜன்ட் கேட்டது ஒரே கேள்வி. “செட் எக கோ?” செட் எங்கே.

முத்துவீரன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான்தான் சத்தம் என்று எங்கேயோ முறைப்பாடு செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். அதில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான். பிறகு சார்ஜன்ட் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், பெரிய குரலில் சொன்னார். செட் இருக்கு மாத்தயா, உள்ளேதான் இருக்கு, ஆனால் இப்போது சத்தம் வருவதில்லை, யாருக்கும் கேட்காதபடி நன்றாக மூடி வைத்திருக்கிறேன்.

ஆமிக்காரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். கம்பளி சுற்றிய பெட்டியும் அதற்குள் போகும் வயரும் வாசலிலிருந்தே தெரிந்தன. அந்தக் காம்பராவில் இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு, ஒருவன் நீளக் கம்பால் கம்பளியை விலக்கினான். மூடி திறந்தது. நாலு காடைகள் வைக்கோலில் ஒண்டிக்கொண்டு கிடந்தன.

“வட்டுவோ” என்றான் ஒரு பொலிஸ்காரன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சார்ஜன்டின் முகமும் இளகியது. வாசலில் குந்தியிருந்த ஜீவராணி அக்கா எழும்பி நின்றார். அந்த நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர்களோடு வந்திருந்த ரஞ்சித் முன்னால் வந்தான். தான் கேட்டது பறவைச் சத்தம் இல்லை, ரேடியோச் சத்தம் என்றான். பெட்டி சும்மா கண்ணைக் கட்ட வைத்தது என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் காதில் விழுந்தது அதுதான்.

“அப்படியானால் இதைக் கத்த வை” என்றார் சார்ஜன்ட்.

முத்துவீரன் அண்ணன் சேவலைக் கையில் எடுத்தார். வெயிலில் பிடித்தார். அது கண்ணை மூடிக்கொண்டது. பெட்டியைத் தட்டினார். “கத்துடா” என்றார். “டேய், ஒரு தரம் கத்துடா, சாமி.” கெஞ்சினார், அதட்டினார், கண்ணாடியை எடுத்து வந்து காட்டினார். அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று மாதம் எட்டு மணி நேர வெளிச்சத்தில் வைத்த காடை கத்தாது. அதை அந்த இடத்தில் அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

கடைசியில் அவர் தானே கத்திக் காட்டினார். சேவல் எதிர்க்குரல் கொடுக்கும் என்று நினைத்தார், பாவம். தொண்டையை இறுக்கி, காறி, நீளமாக ஒரு கர்ர்ர். அத்தனை நாள் அதனோடு போட்டி போட்டவர், அச்சு அசலாக வந்தது.

“ஏக தமய் சேர்” என்றான் ரஞ்சித். “ஏக தமய்.” அதுவேதான்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சார்ஜன்ட் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். தமிழில் ஏதோ எழுதி, எட்டு, நாலு என்று நேரம் போட்டிருந்ததைக் கண்டார். தமிழ் தெரிந்த ஒருவன் வாசித்துச் சொன்னான். இதை எழுதியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நான்தான் எழுதினேன் சேர், இது காடைக்கு, வெளிச்சம் குறைந்தால் கத்தாது, பத்து நாள் விளக்கை விடாமல் போட்டுப் பாருங்கள், கத்தும். எல்லாம் சிங்களத்தில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எனக்குப் பின்னால் கஜேந்திரன் மூச்சு விடுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

“மம லிவ்வே” என்றார் முத்துவீரன் அண்ணன். நான்தான் எழுதினேன். இந்த முறை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள், அவரைக்கொடிப் பந்தலுக்குக் கீழே தோண்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இல்லாத பொருள் எப்படி அகப்படும்? அகப்படாததே அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர் காலில் செருப்பு இல்லை. ஜீவராணி அக்கா செருப்பைத் தூக்கிக்கொண்டு வளைவுவரை ஓடினார்.

அன்று மாலையே அந்தச் சாக்கட்டி எழுத்தை அழித்தேன். பல்பைப் பகலிலும் இரவிலும் எரியவிட்டேன். பதினோராம் நாள் சேவல் காறியது. பதின்மூன்றாம் நாள் நன்றாகவே கூவியது. ஜீவராணி அக்காவும் நானும் அதைக் கூடையில் வைத்துப் பொலிஸுக்குக் கொண்டுபோனோம். மேசையடியில் வைத்ததும் அது மூன்று தரம் கூவியது. பொறுப்பில் இருந்தவர் ஆச்சரியமாகப் பார்த்தார், ரேடியோ மாதிரித்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஆள் இங்கே இல்லை, எப்போதோ வேறு இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். எந்த இடம் என்பதை அவர் சொல்லவில்லை. கூடையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

பதினான்கு மாதம். கஜேந்திரனுக்கு அட்டை வந்தது, கொழும்புக்குப் போனான். சண்டை முடிந்தது. பலாங்கொடையில் வெடி கொளுத்தினார்கள். காடைகளை ஜீவராணி அக்கா அப்துல் ரஸாக் நானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2009 ஆவணியில் வழக்கு எதுவும் இல்லை என்று முத்துவீரன் அண்ணனை விட்டார்கள். மெலிந்து, தலை நரைத்து வந்தார். நான் பார்க்கப் போனேன். எழும்பி நின்று கைகூப்பினார். “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். முன்பெல்லாம் எனக்காக அவர் எழும்பியதே இல்லை. தேத்தண்ணி குடித்தேன். தம்பியைப் பற்றி விசாரித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்ல வந்ததை அவர் சொல்லவிடவும் இல்லை.

பீலியடியில் வைத்து ஜீவராணி அக்காதான் சொன்னார். உள்ளே கேள்வி கேட்டவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்களாம். நீ என்ன மறைக்கிறாய், செட் உன்னுடையதுதான் என்று உன் லயத்து டீச்சரே எங்கள் ஆளிடம் சொல்லியிருக்கிறாள்.

“பொய்தானே டீச்சர்?” என்று கேட்டார். “நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கதானே. நான் அவர்ட்ட சொன்னேன், டீச்சர் காடையத் தூக்கிட்டு எங்கூட அலஞ்சாங்கன்னு.”

குடம் நிறைந்து வழிந்தது. விளையாட்டாகச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுத்த பக்கம் ஜீவராணி அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினார், என் பெயர் வந்தது. உடனே முத்துவீரன் அண்ணன் தடுத்தார். அவர் ரகசியக் குரலில் பேசுவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

“மெதுவா பேசு புள்ள. டீச்சருக்குக் கேக்கும்.”

அதற்குப் பிறகு அந்தக் காம்பராவிலிருந்து எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.